ஊசல் அடங்கும் நேரம்

ஜூன் 9, ஞாயிறு

காலையில் நாகர்கோவிலில் இறங்கினேன். நிலையத்தின் ஜீப் வந்திருந்தது. ஊரைத் தாண்டியதும் காற்றாலைகள் தொடங்கின. கொஞ்ச தூரம் எண்ணிப் பார்த்தேன்; பிறகு விட்டுவிட்டேன். மலை இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று நடுவில் காற்றுக்கு வழி விட்டிருக்கிறது. அந்த வழி நெடுக, நிதானமாகக் கை வீசிக்கொண்டு நிற்பவர்களைப் போல வெள்ளை வெள்ளையாக அடிவானம் வரைக்கும் காற்றாலைகள். பார்த்துக்கொண்டே தூங்கிப் போனேன். விழித்தபோது ஜீப் நின்றிருந்தது. டிரைவர் என்னை எழுப்பாமல் வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

செம்மண்விளைத் துணைமின் நிலையம். இந்தப் பக்கத்துக் காற்றாலைகளின் மின்சாரமெல்லாம் இங்கே வந்து சேர்ந்து, இரண்டு பெரிய லைன்கள் வழியாக வடக்கே போகிறது. போன ஆடியில் ஒரு சாயங்காலம் அந்த இரண்டு லைன்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே துண்டித்துக்கொண்டன. சுற்றியுள்ள ஊர்களெல்லாம் இருண்டன. ஆஸ்பத்திரி ஒன்றில் ஜெனரேட்டரும் கைவிட்டு, நர்சுகள் விடியும்வரை கையால் பம்ப் அழுத்தி மூச்சுக் கொடுத்தார்களாம். ஏன் அப்படி ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இந்தக் காற்றுக்காலம் முழுக்க இங்கே தங்கி, அளந்து, காரணம் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஆய்வு நிறுவனத்தில் யாரும் வர விரும்பவில்லை. நான் வந்தேன். வேறு விசேஷக் காரணம் இல்லை.

தங்குவதற்கு ஓர் அறை, சின்ன அடுப்படி. ஜன்னலைத் திறந்தால் மூட முடியவில்லை. மூடினால் ஊளையிடுகிறது.

புறப்படும்போது அண்ணி வாசல்வரை வந்து சொன்னாள்: "மங்கை, மாம்பலம் வரனுக்கு ஆடி முடியறதுக்குள்ள பதில் சொல்லிடு. ஆவணியில முகூர்த்தம் பாத்துடலாம். உனக்கும் நாப்பத்தொண்ணு ஆயிடுச்சு. இன்னும் எத்தனை நாள் எங்க கூடவே இருப்ப?" தப்பாகச் சொல்லவில்லை. சரி என்றேன்.

ஜூன் 11

கருவியைப் பொருத்தியாயிற்று. கூரைமேல் ஒரு ஏரியல். அது செயற்கைக்கோளிலிருந்து துல்லியமான நேரத்தை வாங்கித் தரும். நேரம் பிசகினால் எல்லாம் பிசகும்.

ஜெசிந்தா இந்த நிலையத்தின் உதவிப் பொறியாளர். பக்கத்து ஊர்க்காரி, முப்பது வயதிருக்கும். முதல் நாளே என்னை அக்கா ஆக்கிக்கொண்டாள்.

"இதுல என்னத்தக்கா அளக்கப் போறிய? வோல்டேஜ், கரண்ட் எல்லாம் எங்க மீட்டர்லயே கெடக்கே."

"இது ஊசலை அளக்கறதுக்கு" என்றேன். நாடு முழுக்க உள்ள மின் இயந்திரங்களெல்லாம் ஒரே கயிற்றில் கட்டியதுபோலச் சேர்ந்து சுழல்கின்றன. எங்காவது ஒரு தள்ளு விழுந்தால் அவை லேசாக ஆடும். இந்தப் பக்கத்தவை ஒரு நூல் முந்தும், அந்தப் பக்கத்தவை பின்தங்கும், பிறகு மாறும். ஒரு முறை ஆடி வர மூன்று வினாடி போல ஆகும். சாதாரண மீட்டருக்கு அது தெரியாது. அந்த ஊசல் எவ்வளவு வேகமாக ஆடுகிறது, எவ்வளவு பெரிதாக ஆடுகிறது, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது, இந்த மூன்றையும் இரைச்சலுக்கு நடுவிலிருந்து நான் கணித்துச் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் எளிது. மூன்றாவதுதான் பாடாய்ப் படுத்தும்.

ஜெசிந்தா யோசித்தாள். "தொட்டில் மாதிரி. கைய எடுத்தா தானா நிக்கணும்."

"நிக்காம பெருசா ஆட ஆரம்பிச்சா?"

"பிள்ளை கீழ விழும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுச் சிரித்தாள்.

ஜூன் 12

தலைமைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன். எந்த மின்நிலையம் எப்போது எவ்வளவு தர வேண்டும் என்று மாநிலம் முழுமைக்கும் உத்தரவு போடுகிற இடம் அது.

"ஏனுங்க, செம்மண்விளைங்களா? சென்னியப்பன் பேசறனுங்க. புதுசா ஏதோ கருவி வெச்சிருக்கறீங்களாமா? அது என்ன சொல்லுதுன்னு தினமும் ஒருக்கா எனக்குச் சொல்லிப்போடுங்க. காத்து ஏறறது நாலு மணிக்குமேலதான். அப்பக் கூப்பிட்டாப் போதும்."

கொங்குப் பேச்சு. அவசரமே இல்லாத குரல். மாநிலத்து மின்சாரத்தையெல்லாம் தாங்குகிற மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இப்படி நிதானமாகப் பேச முடியும் என்று நினைத்திருக்கவில்லை.

ஜூன் 15

காற்று. தூக்கம். காற்று.

ஜூன் 19

ஊசல் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதற்கு ஓர் எண் வரும். இன்றைய எண் ஆறு. சென்னியப்பனிடம் சொன்னேன்.

"ஆறுன்னா நல்லதுங்களா?"

"அஞ்சுக்கு மேல நல்லது. மூணுக்குக் கீழே போனா கவலை. பூஜ்யத்தைத் தொட்டா ஊசல் அடங்காது, தானே பெருகும். போன வருஷம் அப்படித்தான் ஆகியிருக்கணும்னு என் சந்தேகம்."

அவர் நிறையக் கேட்கிறார். கருவி எவ்வளவு நேரத்து அலையைப் பார்த்து அந்த எண்ணைச் சொல்கிறது என்று கேட்டார். அதுதான் சிக்கல் என்றேன். கொஞ்ச நேரத்தை மட்டும் பார்த்துச் சொன்னால் எண் பதறும். இல்லாத ஆபத்தைக் காட்டும். நீண்ட நேரம் பார்த்துச் சொன்னால் எண் சரியாக இருக்கும். ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

"அப்பத் தப்பாத் தெரியறது மேலுங்களா, லேட்டாத் தெரியறது மேலுங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"மெதுவாச் சொல்லுங்க. நான் இங்கதான இருப்பனுங்க."

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் பக்கத்துக் காற்றாலையின் நிழல் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. ஓர் இறக்கை, இன்னோர் இறக்கை, இன்னோர் இறக்கை. சுவரில், கட்டிலில், என் கைமேல். அதன் கீழே படுத்துக் கிடந்தால் அறை முழுவதுமே மெதுவாக மூச்சுவிடுவதுபோல இருக்கிறது. விளக்கைப் போட மனம் வரவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஜெசிந்தா மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து என்னைக் குளத்துக்குக் கூட்டிப்போனாள். குளம் நிறையத் தாமரை. காற்று இலைகளை ஒரு பக்கமாகத் திருப்பிப் போட்டு வெள்ளி வெள்ளியாகக் காட்டியது. வரப்பில் நடந்தபோது ஆட்டுக்கூட்டத்தின்மேல் இறக்கை நிழல்கள் ஓடின. ஆடுகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாம்பலத்துக்காரர் பேசினார். பெயர் பத்மநாபன். கல்லூரி ஒன்றில் கணக்கு அதிகாரி. விவாகரத்து ஆனவர். நல்ல மனிதர். அரை மணி நேரம் பேசினோம். வீட்டில் தண்ணீர் வசதி, லிஃப்ட், பக்கத்தில் மார்க்கெட். வேறு என்ன பேசினோம் என்று எழுத உட்கார்ந்தால் நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சென்னியப்பன் சொன்னது: அவர் ஊரில் வெயில்காலத்து மத்தியானங்களில், வாய்க்காலில் இறங்கி வெறுமனே படுத்துக் கிடப்பார்களாம். தண்ணீர் நம்மை இழுக்கும், நாம் புல்லைப் பிடித்துக்கொண்டிருப்போம், அப்படியே தூக்கம் வந்துவிடும் என்றார். "கண்ண முழிச்சாப் புல்லுதானுங்க கையில இருக்கும். எப்புடித்தான் தூக்கத்துலயும் புடிச்சிருந்தமோ."

ஜூலை 2

வேறு ஒருவர் போனை எடுத்தார். எண்ணைச் சொன்னேன். குறித்துக்கொண்டு வைத்துவிட்டார். சென்னியப்பன் லீவாம். வேலை சீக்கிரம் முடிந்தது. சாயங்காலம் ரொம்ப நீளம்.

ஜூலை 3

லீவுதான்.

ஜூலை 4

வந்துவிட்டார். மகளைக் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வந்தாராம். "அவ அம்மா இருந்திருந்தா எனக்கு இந்த வேலை இல்லீங்க. பக்கெட்டு எந்தக் கலர் வாங்கறதுன்னு ஒரு மணி நேரம் கடையில நின்னோம்." மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது என்றார். எந்தக் கலர் வாங்கினீர்கள் என்று கேட்டேன். பச்சையாம்.

வேலையில் ஒரு நல்ல செய்தி. ஊசலின் மறுமுனை கிடைத்துவிட்டது. ஊட்டி மலையில் பனிக்கம்பை என்று ஒரு நீர்மின் நிலையம். அங்கே உள்ள பழைய பதிவுக் கருவியின் கோப்புகளை வாங்கி என் கோப்புகளோடு வைத்துப் பார்த்தேன். இங்கே அலை ஏறும்போது அங்கே இறங்குகிறது. நடுவில் எத்தனையோ மலை, ஆறு, ஊர். ஆனாலும் ஒன்றுக்கொன்று தெரிந்தவைபோல எதிரும் புதிருமாக ஆடுகின்றன. துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் அங்கேயும் என்னுடையதைப்போல ஒரு கருவி வேண்டும். இதைச் சொன்னேன்.

"அப்படீங்களா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அப்படீங்களா" என்றார்.

ஜூலை 9

எழுதவே கை வரவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு எண் திடீரென்று இறங்கியது. நாலு. இரண்டு. ஒன்று. அலை பெருகுவதுபோலத் திரை காட்டியது. போன் செய்தேன். "ஒண்ணுக்கு வந்துடுச்சு. காத்தாலைகளைக் குறைக்கணும்" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரிங்க" என்றார்.

வெளியே வந்து பார்த்தேன். காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அத்தனை பேய்க்காற்றில் அவை மட்டும் அசையாமல் நின்றது கனவில் நடப்பதுபோல இருந்தது.

அப்போது ஜெசிந்தா கூரையிலிருந்து கத்தினாள். "அக்கா! இஞ்ச வந்து பாருங்க!"

ஏரியல் கம்பத்தின்மேல் ஒரு மயில். நீலக் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் தூரத்தைப் பார்த்தது. அதன் எடையில் ஏரியல் சாய்ந்து, ஒயர் பாதி கழன்று தொங்கியது. செயற்கைக்கோள் நேரம் அறுந்து, கருவி தன் சொந்தக் கடிகாரத்தை நம்பித் தடுமாறியிருக்கிறது. ஊசலில் ஒரு குறையும் இல்லை.

போன் செய்து உண்மையைச் சொன்னேன். மறுமுனையில் அடக்க முடியாத சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூலை 11

காற்றாலை முதலாளிகள் கொதிக்கிறார்களாம். காற்றுக்காலத்தின் நல்ல சாயங்காலம் ஒன்று வீணாயிற்றே. எங்கள் இயக்குநர் போனில் கூப்பிட்டு, இனி நூறு சதவீதம் உறுதியாகத் தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

சென்னியப்பனிடம், உங்களுக்கு ஏதாவது தொந்தரவா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. விளக்கம் கேட்டாங்க, எழுதிக் குடுத்தாச்சு. முருகனே மயிலை அனுப்பி நிறுத்தச் சொன்னாருன்னு எழுதலாம்னு பாத்தேன். மேல இருக்கறவரு நாத்திகருங்க, அதனால விட்டுட்டேன்."

ஜூலை 17

ஆடி பிறந்தது. காற்றின் குரல் மாறிவிட்டது. இப்போது அதற்கு அடித்தொண்டை.

இரண்டாவது ஏரியல் வைத்தேன். இரண்டிலும் முள்கம்பி சுற்றியாயிற்று. கணிப்பையும் இனி இரண்டு வழிகளில் செய்கிறேன். ஒன்று கொஞ்ச நேரத்து அலையைப் பார்க்கும், இன்னொன்று நீண்ட நேரத்தை. இரண்டும் ஒத்துச் சொன்னால்தான் நம்புவது.

மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு. பெரிய அறை, சுவரெல்லாம் விளக்குகள். அறைக்குள் இடுப்பளவு வாய்க்கால் தண்ணீர். யாரோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். நான் தண்ணீரில் மெதுவாக நடந்து போகிறேன், போகிறேன், போய்ச் சேரவே இல்லை. விழித்த பிறகும் கால்கள் குளிர்ந்திருந்தன. ஜன்னல் திறந்து கிடந்ததால் இருக்கும்.

ஜூலை 24

ஜெசிந்தா சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். அவள் கணவரின் நண்பர் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார்.

"அந்த சென்னியப்பன் சாரை மாத்திட்டாங்களாம் அக்கா. ஆகஸ்ட் அஞ்சாம் தேதி போணும். மயில் விஷயந்தான்."

"அது என் தப்புதானே?"

"அவரு அப்படி எழுதலியே. 'முடிவு முழுக்க என்னோடது, செம்மண்விளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை'ன்னு எழுதிக் குடுத்தாராம். உங்களுக்குத் தெரியாதா?"

நாலு மணிக்குப் பேசினோம். அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. இன்றைய எண் ஐந்து புள்ளி இரண்டு.

ஜூலை 30

அண்ணி புடவைப் படங்கள் அனுப்பியிருக்கிறாள். மாம்பழ நிறம், ஊதா, இலைப் பச்சை. "எதுன்னு சொல்லு" என்கிறாள். பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் அனுப்பவில்லை. வேலை இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. காலையிலிருந்தே கன்னியாகுமரிக் கடலுக்குப் போகிற பஸ்கள். ஈரத் தலையோடு திரும்புகிற பெண்கள். காற்று, நான் வந்த நாளிலிருந்து இல்லாத காற்று.

சாயங்காலம் எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு தகரக்கூரை, இரண்டு லைன்களில் ஒன்றின்மேல் விழுந்தது. டமார் என்று ஒரு சத்தம். அந்த லைன் போயிற்று. அத்தனை காற்றாலைகளின் மின்சாரமும் மிச்சமிருந்த ஒற்றை லைனுக்குள் பாய்ந்தது.

திரைக்கு ஓடினேன். ஏரியல்கள் சரியாக இருக்கின்றன. நேரம் சரியாக இருக்கிறது. அலை ஆடத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தைப் பார்க்கிற கணிப்பு ஒன்றரை என்றது. நீண்ட நேரத்தைப் பார்க்கிற கணிப்பு நாலு என்றது. ஒன்று ஆபத்து என்கிறது. மற்றது சமாளிக்கலாம் என்கிறது.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, டிரான்ஸ்பார்மர் சத்தத்தைக் கேளுங்க." கேட்டேன். எப்போதும் ஒரே சீராக முனகுகிற அது ஏறி இறங்கி முனகியது. மூன்று வினாடிக்கு ஒரு தடவை. நாற்பத்தொரு வயதில் அந்த ஊசலை முதல்முறை காதால் கேட்டேன்.

போனை எடுத்தேன்.

"சொல்லுங்க" என்றார் சென்னியப்பன்.

"ஒரு லைன் போயிடுச்சு."

"தெரியுதுங்க. ஊசல் எப்படி?"

"ஒரு கணிப்பு ஒன்றரைங்குது. இன்னொண்ணு நாலுங்குது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"குறைச்சிடுங்க."

"உறுதிங்களா?"

எத்தனை பேர் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் இயக்குநர். முதலாளிகள். இவரை மாற்றியவர்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல" என்றேன். "உறுதி இல்ல. உறுதியாத் தெரியற வரைக்கும் காத்திருந்தா நேரம் இருக்காது. தப்பா இருந்தாலும் இருக்கட்டும். லேட்டா வேண்டாம்."

ஒரு மூச்சு நேரம்தான்.

"சரிங்க."

அவர் மேஜையில் மற்றப் போன்களை எடுப்பதும் உத்தரவு போடுவதும் எனக்குக் கேட்டது. காற்றாலைகளில் பாதியை நிறுத்தச் சொன்னார். நீர்மின் நிலையங்களை ஏற்றச் சொன்னார். யாரோ எதிர்த்துக் கேட்க, "எம் பேருல எழுதிக்கங்க" என்றார். குரல் ஏறவே இல்லை. திரையில் அலை பெருகியது, இன்னும் பெருகியது. நீண்ட நேரக் கணிப்பும் இறங்கத் தொடங்கியது. மூன்று. ஒன்று. பூஜ்யம். ஜெசிந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெளியே முதல் காற்றாலை நின்றது. அடுத்தது. அடுத்தது. மலைவரைக்கும்.

அலை ஒரு கணம் தயங்குவதுபோல இருந்தது. பிறகு சிறுத்தது. இன்னும் சிறுத்தது. டிரான்ஸ்பார்மர் பழையபடி முனகியது.

"அவ்வளவுதானாக்கா?" என்றாள் ஜெசிந்தா.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. ரோட்டில் பஸ் போயிற்று. எதிர்க் கடையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். குண்டு பல்பு சிமிட்டக்கூட இல்லை.

போனைக் காதில் வைத்தபடியே இருந்திருக்கிறேன்.

"அடங்கிருச்சுங்களா?"

"அடங்கிடுச்சு."

"நல்லதுங்க. நாளையிலிருந்து வேற ஆளு போனை எடுப்பாருங்க. என்னை மாத்திட்டாங்க."

"தெரியும்."

"தெரியுங்களா?"

அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஜெசிந்தா டீ வாங்க வெளியே போனாள்.

ஆகஸ்ட் 9

விசாரணைக் குழு வந்தது. இரண்டு அதிகாரிகள். இளையவர் அலங்காரம் என்கிற அம்மாள், கறாரானவர். மூத்தவர் ஓய்வு பெறப் போகிறவர், அதிகம் பேசாதவர்.

"ஒண்ணும் நடக்கலையே, அப்புறம் எதுக்குக் குறைச்சீங்கன்னு முதலாளிங்க கேக்கறாங்க" என்றார் அம்மாள். "நீங்களே உறுதி இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. அதை நம்பி ஒருத்தர் உத்தரவு போட்டிருக்காரு. ஏற்கெனவே ஒரு தடவை தப்பாப் போட்டவரு."

பதிவை விரித்துக் காட்டினேன். அவர் சரி என்று சொன்ன நேரத்தில் அலை எவ்வளவு இருந்தது, உத்தரவு நிறைவேறுவதற்குள் எவ்வளவு வளர்ந்தது, எந்த அளவைத் தொட்டால் இரண்டாவது லைனும் தானாகத் துண்டித்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளி ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அம்மாள் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். "போன வருஷமும் இதேதான் ஆயிருக்கு, இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.

"பேச்சுப் பதிவையும் ஒரு தடவை கேட்டுடலாம்" என்றார் மூத்தவர். கட்டுப்பாட்டு அறையின் போன்களெல்லாம் பதிவாகும் என்பது எனக்குத் தெரியாது.

கேட்டோம். என் குரல் அப்படி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நான் படபடத்ததாக எனக்கு நினைவு. பதிவில் படபடப்பு இல்லை. வேறு ஏதோ இருந்தது. 'இல்ல' என்று சொல்கிற இடத்தில், வீட்டு ஆளிடம் பேசுகிற பெண்ணின் குரல்.

'தெரியுங்களா?' என்று அவர் கேட்டது வந்தது. பிறகு பேச்சே இல்லை. கம்பியின் மெல்லிய இரைச்சல். இரண்டு பேர் மூச்சுவிடுகிற சத்தம். அது போய்க்கொண்டே இருந்தது. அம்மாள் முதலில் புரியாமல் கருவியைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஜெசிந்தா தரையைப் பார்த்தாள். நான் எங்கே பார்த்தேன் என்று தெரியவில்லை.

மூத்தவர் கை நீட்டி நிறுத்தினார். "இந்தப் பகுதி அறிக்கைக்குத் தேவையில்லம்மா" என்றார்.

ஆகஸ்ட் 12

சென்னியப்பன்மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்களாம். மாற்றலையும் ரத்து செய்கிறோம் என்றார்களாம். அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தும் விட்டார். ஜெசிந்தா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போனாருன்னு கேக்கலியேக்கா?"

"எங்க?"

"பனிக்கம்பை. மூணு இடம் காட்டி, வேணுங்கறதை எடுத்துக்கன்னாங்களாம். மத்த ரெண்டும் அவரு ஊருக்குப் பக்கமாம். இதைத்தான் கேட்டு வாங்கினாராம்."

மத்தியானம் இயக்குநருக்கு அறிக்கை எழுதினேன். ஊசலின் தென்முனை இப்போது நன்றாகத் தெரிகிறது. மறுமுனையில் சரியான அளவீடு இல்லாமல் முழுப் படம் கிடைக்காது. அங்கே உள்ள கருவி பழையது. நேரப் பிசகு உண்டு. ஆகவே பனிக்கம்பையில் உடனடியாக ஒரு கருவி பொருத்தப்பட வேண்டும். பொருத்துபவர் குறைந்தது ஆறு மாதம் அங்கேயே தங்கிக் கவனிப்பது நல்லது. இரண்டு முனைகளையும் ஒரே ஆள் கவனித்தால் கணிப்பில் ஒருமை இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர்வரத்து மாறுவதால் தாமதிக்கக் கூடாது. இவையெல்லாம் உண்மை. ஒவ்வொன்றுக்கும் வரைபடம் இணைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15

இயக்குநர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். "யாரும் அந்தக் குளிர்ல போக மாட்டாங்களே, நீங்க போறீங்களா?" என்றார். போகிறேன் என்றேன்.

சாயங்காலம் அண்ணிக்கு நானே போன் செய்தேன்.

"அண்ணி, மாம்பலத்துக்காரர்கிட்ட நானே பேசிட்டேன். வேண்டாம்னு சொல்லிட்டேன். மன்னிப்பும் கேட்டுக்கிட்டேன். கோவப்படல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"மங்கை, வேற யாராவது மனசுல...?"

"ஆமா அண்ணி."

"யாரு? எப்படி இருப்பாரு?"

"தெரியாது. பாத்ததில்ல."

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம். அண்ணி சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

ஆகஸ்ட் 27

பனிக்கம்பை. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பிய பஸ், வளைவுக்கு வளைவு மேகத்துக்குள் போய் வெளியே வந்தது. பாதித் தூக்கத்தில் யூக்கலிப்டஸ் வாசனை வந்தது. இங்கே காற்றே இல்லை. மரங்கள் அசையாமல் நிற்கின்றன. எங்கேயோ கீழே தண்ணீர் மட்டும் ஓயாமல் பேசுகிறது.

பஸ் ஒரு டீக்கடை முன்னால் நின்றது. என்னைத் தவிர யாரும் இறங்கவில்லை. வரும் தேதியை மட்டும் நிலையத்துக்கு எழுதியிருந்தேன், எந்தப் பஸ் என்று எழுதவில்லை. மூடுபனியில் கறுப்புக் குடையோடு ஒருவர் நின்றிருந்தார். உயரம் இல்லை. நெற்றி ஏறியிருந்தது. தடித்த கண்ணாடி. ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்து ஓர் அடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

நானும் ஏதோ சொல்ல நினைத்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. போனில் அத்தனை சாயங்காலங்கள் பேசித் தீர்த்தவர்கள், நேரில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றோம்.

கடைசியில் அவர் குனிந்து என் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். "டீ... குடிக்கறீங்களா?" என்றார். அதே குரல், ஆனால் நிதானம் போயிருந்தது.

கடைக்காரர் கிளாசை நீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நல்லவேளை வந்தீங்கம்மா. காலையில மொத பஸ்ஸுலேர்ந்து சார் இங்கயேதான் நிக்கறாரு. இது எட்டாவது டீ."

சென்னியப்பன் காதுமடல்வரை சிவந்து மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அங்கே மலை தெரியவில்லை, பனிதான்.

எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. டீயை மெதுவாகக் குடித்தேன்.